தென்னைச் செதிற்பூச்சி

தென்னந்தோப்பில் தாழ்ந்து தொங்கும் மட்டை ஒன்றைப் பற்றி, அதன் கீற்றைத் திருப்பிப் பாருங்கள். மேற்புறத்தில் ஆங்காங்கே மஞ்சள் நிறப் புள்ளிகள் தோன்றுமாயின், அவற்றிற்கு நேரே அடிப்புறத்தில் வட்டமான சிறு செதில்கள் ஒட்டியிருக்கக் காணலாம். ஒவ்வொன்றும் கடுகின் அளவே இருக்கும். மெல்லிய தாளை வட்டமாக நறுக்கி ஒட்டினாற்போன்ற அச்செதிலின் ஊடே ஒளி செல்லும். நடுவில் மஞ்சள் நிறப் பொட்டொன்று தெரியும். அதற்குக் கால் இல்லை, சிறகு இல்லை, தொட்டாலும் அசைவதில்லை. இலையில் விழுந்த நோய்ப்புள்ளி என்றே பலரும் இதனை எண்ணிவிடுவர். உண்மையில் அஃது ஓர் உயிர். தென்னைச் செதிற்பூச்சி என்பது அதன் பெயர்.

இதன் வாழ்க்கை வியப்பிற்குரியது. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்கு ஆறு கால்களும் இரண்டு உணர்கொம்புகளும் உண்டு. தூசியினும் சிறிதே பெரிதான அக்குஞ்சு, தாயின் செதிலுக்கு அடியிலிருந்து வெளிப்பட்டு, இலையின்மீது ஊர்ந்து இடம் தேடும். அதன் வாழ்நாளில் அது நடப்பது அந்தச் சிறுபொழுது மட்டுமே. நல்லதோர் இடம் வாய்த்ததும், மயிரிழையினும் நுண்ணிய தன் வாயூசியை இலைக்குள் செலுத்தி, அங்கேயே நிலைத்துவிடும். பின்னர்த் தோலுரிக்கும்போது கால்களை இழக்கும்; உணர்கொம்புகளும் வெறும் தழும்புகளாகக் குறுகிப்போம். நடந்து வந்த உயிர் நாளடைவில் வாயும் வயிறுமாகிய ஒரு சிறு பையாக மாறிவிடுகிறது. பெண் பூச்சியின் நிலை இது.

உரித்த தோலை மற்றப் பூச்சிகள் எறிந்துவிடும், இதுவோ எறிவதில்லை. தன் உடலிலிருந்து மெழுகிழைகளைச் சுரந்து, பழைய தோலோடு சேர்த்து நெய்து, தன்மேல் ஒரு மூடியை அமைத்துக்கொள்கிறது. உடல் வளர வளர, மூடியின் விளிம்பில் இழைகளைச் சேர்த்து அதனையும் பெருக்குகிறது. இம்மூடி ஆமையின் ஓட்டைப் போன்றது என்று சிலர் கருதலாம். ஆமையின் ஓடு அதன் உடலோடு ஒன்றியது. இம்மூடியோ உடலோடு ஒட்டாதது. ஊசி முனையால் மூடியை மெல்லத் தூக்கினால், பூச்சி இலையிலேயே கிடக்கும். மூடி மட்டும் தனியே வரும். ஆதலின், இதனைக் கூரை என்பதே பொருந்தும். இத்தகைய கூரையை உடைய பூச்சிகளைக் கவசச் செதிற்பூச்சிகள் என்று ஒரு தனிக் குடும்பமாக அறிஞர் வகுத்துள்ளனர்.

ஆண் பூச்சியின் வாழ்க்கை வேறு. அதுவும் இளமையில் ஒரு நீண்ட செதிலுக்கு அடியில் வளர்கிறது. முதிர்ந்ததும் ஓர் இணைச் சிறகுகளோடு வெளிவருகிறது. ஆனால் அதற்கு உண்ணும் வாய் இல்லை. துணை தேடிப் பறந்து, விரைவில் மடிந்துபோகிறது. பெண்ணோ, இருந்த இடத்திலேயே இருந்து, தன் கூரைக்கு அடியில் முட்டைகளை இடுகிறது. முட்டைகள் பெருகப் பெருக, அவற்றிற்கு இடம் விட்டு அதன் உடல் சுருங்குகிறது. முட்டையிட்டு முடிந்தபின் அக்கூரையின் கீழேயே இறந்துபடுகிறது. முட்டையிலிருந்து அடுத்த தலைமுறை முட்டையிடும்வரை, வெப்ப நாடுகளில், ஏறத்தாழ ஒரு திங்களே ஆகும். ஓராண்டிற்குள் எத்துணைத் தலைமுறைகள் தோன்றும் என்பதை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

செடிகளில் மாவுப்பூச்சி பற்றியிருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அது செடியின் சாறு ஓடும் குழாய்களில் வாய் வைத்து உறிஞ்சி, மிஞ்சிய இனிப்பு நீரை வெளிவிடும். அதனைத் தேடி எறும்புகள் மொய்க்கும். கவசச் செதிற்பூச்சி அவ்வாறு செய்வதில்லை. அது இலையின் உயிரணுக்களையே ஒவ்வொன்றாகக் குத்தி, உள்ளிருப்பதை உறிஞ்சுகிறது. குத்துண்ட இடம் பசுமை இழந்து மஞ்சளிக்கிறது. இனிப்பு நீரும் இல்லை, எறும்பும் இல்லை. ஆகவே, தோட்டக்காரரின் கண்ணுக்கு இதன் வருகை எளிதில் புலப்படுவதில்லை. கண்ணுக்குப் புலப்பட்டபோதும், மேலே தெளிக்கும் மருந்து அக்கூரையைக் கடந்து உள்ளே செல்வது அரிது. ஊர்ந்து திரியும் குஞ்சுகள் மட்டுமே மருந்துக்கு எளிதில் இரையாகும்.

இனி, இதன் பெயரைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். நம் வீட்டில் ஒருவருக்குக் குடிப்பெயரும் தனிப்பெயரும் இருத்தல்போல, ஒவ்வோர் உயிருக்கும் பேரினப் பெயர் ஒன்றும் சிற்றினப் பெயர் ஒன்றும் அறிவியலார் வழங்குகின்றனர். இப்பூச்சியின் பேரினம் ஆஸ்பிடியோட்டஸ். 'ஆஸ்பிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்குக் கேடயம் என்பது பொருள். இப்பேரினத்தை 1833-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் பூஷே என்பவர் வகுத்தார். அரளிச் செடியில் வாழும் 'ஆஸ்பிடியோட்டஸ் நெரியை' என்பது அதன் முன்மாதிரி இனம். அரளியின் அறிவியற் பெயராகிய 'நெரியம்' என்பதிலிருந்தே அப்பெயர் பிறந்தது. தென்னையில் வாழும் இனத்தை 1869-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் சிஞோரே என்பவர் விவரித்தார். இந்தியப் பெருங்கடலில் உள்ள ரெயூனியன் தீவிலிருந்து கிடைத்த பூச்சியைக் கொண்டு அவர் அதற்கு 'ஆஸ்பிடியோட்டஸ் டெஸ்டிரக்டர்' எனப் பெயரிட்டார். டெஸ்டிரக்டர் என்றால் அழிப்பது என்று பொருள்.

ஒரு காலத்தில் வட்டமான செதிலை உடைய பூச்சிகள் பலவற்றையும் இந்தப் பேரினத்திலேயே அடைத்து வைத்திருந்தனர். அமெரிக்க ஆப்பிள் தோட்டங்களைப் பாழாக்கிய சான் ஓசே செதிற்பூச்சியும் முதலில் இப்பேரினத்தில்தான் இருந்தது. பின்வந்தோர் நுணுகி ஆராய்ந்து அவற்றை வேறுவேறு பேரினங்களாகப் பிரித்தனர். பெயரை மாற்றிக்கொண்டே இருப்பது வேலையற்ற வேலை என்று தோன்றலாம். அவ்வாறு தோன்றுவோர் பின்வரும் இரு வரலாறுகளையும் கேட்க வேண்டும்.

பசிபிக் பெருங்கடலில் பிஜித் தீவுகள் உள்ளன. அந்நாளில் அங்குள்ள கடற்கரை மக்கள் பலருக்குக் கொப்பரையே வாழ்வு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னைச் செதிற்பூச்சி அத்தீவுகளில் புகுந்தது. எவ்வாறு வந்தது என்று கேட்க வேண்டியதில்லை. கப்பலில் ஏற்றிய ஒரு தென்னங்கன்றின் இலையில் இரண்டு மூன்று செதில்கள் ஒட்டியிருந்தால் போதும். தீவுக்குள் வந்தபின், குஞ்சுகளைக் காற்றே மரத்திற்கு மரம் சுமந்து செல்லும். ஆண்டுகள் செல்லச் செல்ல, தீவிற்குத் தீவு பூச்சி பரவிற்று. கீற்றுகள் மஞ்சளித்துப் பின் பழுப்பேறித் தொங்கின, குரும்பைகள் உதிர்ந்தன, காய்ப்பு அற்றுப்போயிற்று.

அக்காலத்தில் பிஜியில் பணியாற்றிய பூச்சியியல் வல்லுநருள் டி. எச். சி. டெய்லர் என்பவர் ஒருவர். இப்பூச்சி உலகின் வேறு பல நாடுகளிலும் உண்டு. ஆயினும் எல்லா இடங்களிலும் தென்னை அழியவில்லை. அழியாத இடத்தில் அதனை அடக்கி வைப்பது எது? இவ்வினாவே அம்முயற்சிக்கு அடிப்படை. முன்னரே வேறு நாடுகளிலிருந்து சில பூச்சிகள் கொணரப்பட்டிருந்தன. அவை போதிய பயன் தரவில்லை. கரிபியக் கடலில் உள்ள டிரினிடாட் தீவில் செதிற்பூச்சி இருந்தும் தென்னை செழித்திருந்தது. அங்கே 'கிரிப்டோக்னாதா நோடிசெப்ஸ்' என்னும் சிறு பொறிவண்டு வாழ்கிறது. அவ்வண்டும் அதன் புழுவும் செதிற்பூச்சியையே விரும்பித் தின்பவை. 1928-ஆம் ஆண்டில் அவ்வண்டு பிஜிக்குக் கொண்டுவரப்பட்டது. உலகின் ஒரு பாதியிலிருந்து மறு பாதிக்கு உயிருள்ள வண்டைக் கொண்டுசெல்வது இன்று நாம் நினைப்பதுபோல் எளிதன்று. அந்நாளில் கப்பற் பயணம் வாரக் கணக்கில் நீளும். வழியில் வண்டு பட்டினியால் மடியாதிருத்தல் வேண்டும்.

கொணர்ந்த வண்டுகளைப் பெருக்கித் தோப்புகளில் விட்டனர். விளைவு எவரும் எதிர்பாராத விரைவில் தோன்றியது. இரண்டாண்டு நிறைவதற்கு முன்பே, பிஜித் தீவுகளில் செதிற்பூச்சி தேடிப் பார்க்க வேண்டிய பொருளாயிற்று. மரங்கள் புதுக் கீற்று விட்டன. இதே வண்டு 1955-ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் மேற்கே உள்ள பிரின்சிப்பித் தீவிற்கும் கொண்டுசெல்லப்பட்டு, அங்கும் தென்னையைக் காத்தது. பகைப் பூச்சியை அதன் பகையைக் கொண்டே வெல்லும் முறைக்குப் பிஜியின் வெற்றி இன்றளவும் எடுத்துக்காட்டாக விளங்குகிறது. அயல்நாட்டு உயிரைக் கொணர்ந்து விடுவதில் இடரும் உண்டு என்பதை இடையே சொல்லிவைக்க வேண்டும். செதிற்பூச்சியை மட்டுமே நாடும் வண்டு வாய்த்தது பிஜி மக்களின் நற்பேறு.

அந்த ஆண்டுகளிலேயே வேறோர் இடத்தில் வேறொரு நிகழ்ச்சி நடந்தது. இன்றைய இந்தோனேசியாவில், சுலவேசித் தீவிற்கு வடக்கே சாங்கித் தீவு உள்ளது. அது டச்சுக்காரர் ஆட்சியில் இருந்த காலம். 1925 முதல் 1928 வரை அத்தீவின் தென்னைகளைச் செதிற்பூச்சி பெரிதும் வாட்டியது. அங்கும் பொறிவண்டுகள் இருந்தன. எனினும் பூச்சி அடங்கவில்லை. ரெய்னே என்னும் டச்சுப் பூச்சியியலார் இதனைப் பொறுமையுடன் ஆராய்ந்தார். பார்வைக்கு அஃது உலகறிந்த டெஸ்டிரக்டர் பூச்சியே. ஆனால் சில வேறுபாடுகள் அவர் கண்ணிற்பட்டன.

டெஸ்டிரக்டர் பூச்சியின் செதிலைத் தூக்கினால், முட்டைகள் தாயின் உடலைச் சுற்றி வட்டமாக அமைந்திருக்கும். சாங்கித் தீவின் பூச்சியிலோ முட்டைகள் தாயின் பின்புறத்தை ஒட்டிப் பிறைபோல் அமைந்திருந்தன. பெண் பூச்சியின் தோலும் விறைப்பாக இருந்தது. ஒரு தலைமுறை முதிர்வதற்கு மற்றதைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு காலம் ஆயிற்று. ரெய்னே தம் ஆராய்ச்சியைப் பல்லாண்டு கழித்து, இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே, விரிவாக வெளியிட்டார். அப்பூச்சிக்கு 1947-ஆம் ஆண்டில் 'ரிஜிடஸ்' எனப் பெயர் சூட்டினார். விறைப்பானது என்பது அதன் பொருள். டெஸ்டிரக்டர் இனத்தின் ஓர் உட்பிரிவாகவே அவர் அதனைக் கருதினார். பிற்காலத்தார் தனி இனமாகக் கொண்டனர். அதன்பின் நெடுங்காலம் அப்பெயரைப் பற்றி உலகம் அதிகம் பேசவில்லை. ஒரு சிறு தீவில் தோன்றி மறைந்த கொள்ளை; அதனை யார் நினைவில் வைப்பார்?

ஆண்டுகள் அறுபதுக்கு மேல் கடந்தன. பிலிப்பைன்ஸ் நாட்டின் லூசோன் தீவில் பத்தாங்காசு என்றொரு மாகாணம் உள்ளது. 2009, 2010-ஆம் ஆண்டுகளில் அங்குள்ள தனவுவான் என்னும் ஊர்ப்பக்கத்தில் தென்னைகள் மஞ்சளிக்கத் தொடங்கின. பூச்சி கீற்றின் அடிப்புறம் முழுதும் சுண்ணம் பூசினாற்போல் படிந்தது. மூச்சுவிடும் இலைத்துளைகள் அடைபட்டன. கீற்றுகள் காய்ந்து சருகாயின. மங்குஸ்தான் மரங்களையும் அது விட்டுவைக்கவில்லை. பக்கத்து மாகாணங்களாகிய லகூனா, கேசோன், கவீத்தே ஆகியவற்றிற்கும், பின்னர்த் தெற்கே தொலைவிலுள்ள பசிலான் தீவிற்கும் கேடு பரவிற்று. உலகிற்குத் தேங்காயெண்ணெயை மிகுதியாக அனுப்பும் நாடுகளுள் ஒன்று பிலிப்பைன்ஸ். அங்குத் தென்னை வாடுவதென்றால், சில மரங்களே உடைய சிறு குடியானவர் வீட்டு அடுப்பு வாடுகிறது என்பது பொருள்.

முதலில் இது பழைய டெஸ்டிரக்டர் பூச்சியே என்று கருதினர். அவ்வாறு கருதியதில் வியப்பில்லை. அப்பூச்சி பலகாலமாக அந்நாட்டில் இருப்பதுதான். அதனை அங்குள்ள பொறிவண்டுகளும் குளவிகளும் அடக்கியே வைத்திருந்தன. அப்படியாயின் இப்போது மட்டும் அவை ஏன் தோற்றன? வண்டுகளை வளர்த்து விட்டும் பூச்சி குறைந்தபாடில்லை. காய்ந்த கீற்றுகளை வெட்டி எரித்தனர். தண்டில் துளையிட்டு மருந்து செலுத்தினர். 2014-ஆம் ஆண்டு சூன் திங்களில், 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் பற்றப்பட்டிருந்த நிலையில், குடியரசுத் தலைவர் பெனிக்னோ அக்கினோ அவசர ஆணை ஒன்றைப் பிறப்பித்தார்.

இதற்கிடையே பூச்சியியல் அறிஞர் சிலர் அச்செதில்களை நுண்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தனர். முட்டைகள் வட்டமாக இல்லை, பிறைபோல் இருந்தன. தோல் விறைப்பாக இருந்தது. ரெய்னே எழுதிய பழைய ஆராய்ச்சியோடு ஒப்பிட்டனர். சாங்கித் தீவின் ரிஜிடஸ் மீண்டும் தோன்றியிருக்கிறது என்பது தெளிவாயிற்று. இம்முடிவு 2015-ஆம் ஆண்டில் ஆராய்ச்சி இதழில் அச்சேறியது. வண்டுகள் ஏன் பயன்படவில்லை என்னும் ஐயமும் ஒருவாறு நீங்கிற்று. அவர்கள் இதுவரை கையாண்ட முறை, வேறு பெயருடைய, வேறு இயல்புடைய பூச்சிக்கு உரியது. பெயர் தவறினால் மருந்தும் தவறுகிறது. பெயரை நுணுகிப் பிரித்தவர் செய்த வேலை வீண் வேலை அன்று என்பதை, அறுபதாண்டுகளுக்கு முன் எழுதிய ஒரு தாள் இவ்வாறு காட்டிற்று.

ஆணை பிறந்த அடுத்த திங்களிலேயே, 2014 சூலையில், ரம்மசுன் என்னும் பெரும்புயல் அப்பகுதியைத் தாக்கியது. மக்களுக்குப் பெருந்துன்பம் விளைத்த அப்புயல், கீற்றுகளில் படிந்திருந்த பூச்சிகளையும் அடித்துச் சென்றது. எனினும், புயலை நம்பி எவரும் தோப்பு வைத்தல் இயலாது. நிலையான துணை வேறோர் இடத்திலிருந்து வந்தது. லகூனா மாகாணத்தில், செதிலுக்கு அடியில் கிடந்த சில பூச்சிகள் உள்ளீடற்ற கூடுகளாக இருப்பதை ஆராய்ச்சியாளர் கண்டனர். கூட்டில் ஒரு சிறு துளை. அதன் வழியே ஏதோ ஒன்று வெளியேறியிருக்கிறது. அது ஒரு குளவி. குளவி என்றதும் நம் வீட்டுச் சுவரில் மண்கூடு கட்டும் குளவியை எண்ணிவிடாதீர்கள். இதன் நீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். செதிலைத் துளைத்து, பூச்சியின் உடலுக்குள்ளேயே முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு, பூச்சியை உள்ளிருந்தே தின்று வளர்ந்து, சிறகு பெற்று வெளிவரும். எந்தக் கூரை மருந்தையும் வண்டையும் தடுத்து நின்றதோ, அக்கூரையே அந்தக் குளவியின் புழுவிற்குத் தொட்டிலாயிற்று.

அறிவியலுக்கு அதுவரை தெரியாதிருந்த இனம் அது. லகூனாவில் உள்ள காலவான் என்னும் ஊரின் பெயரால் அதனைக் 'கம்பெரியெல்லா காலவானிக்கா' என 2016-ஆம் ஆண்டில் அழைத்தனர். ஆராய்ச்சிக்கூடத்தில் அதனைப் பெருக்கித் தோப்புகளில் விடும் முயற்சியும் நடைபெற்றது. கடல் கடந்து எங்கும் தேடாமல், கெட்டுப்போன தோப்பிலேயே கிடைத்த துணை அது.

நம் நாட்டுத் தோப்புகளில் நாம் காணும் தென்னைச் செதிற்பூச்சி டெஸ்டிரக்டர் இனத்தது. இங்கு அது பெருங்கேடாக முற்றுவது அரிது. உருண்டையான, பளபளப்பான, சிறிய கருநிறப் பொறிவண்டு ஒன்று அதனைத் தின்று குறைக்கிறது. 'கைலோகோரஸ் நைகிரிட்டஸ்' என்பது அதன் அறிவியற் பெயர். இந்தியப் பெருங்கடலில் உள்ள சேசெல்ஸ் தீவுகளின் தென்னைகளைச் செதிற்பூச்சிகள் வாட்டியபோது, 1930-களின் பிற்பகுதியில், இந்தியாவிலிருந்து அங்குக் கொண்டுசெல்லப்பட்டதும் இவ்வண்டே.

ஒரு சிறு கைக்கண்ணாடியும் ஓர் ஊசியும் இருந்தால், இவை அனைத்தையும் ஒரு கீற்றிலேயே நீங்கள் பார்க்கலாம். முழுதும் வளர்ந்த வட்டச் செதில் ஒன்றைத் தேர்ந்து, விளிம்பிலிருந்து ஊசியால் மெல்லத் தூக்குங்கள். அவசரப்பட்டால் முட்டைகள் சிதறிவிடும். பின்னர் அவை இருந்த ஒழுங்கு தெரியாது. நடுவில் மஞ்சள் நிறத் தாய் கிடக்கும். அதனைச் சுற்றி முட்டைகள் வட்டமாக உள்ளனவா, பிறைபோல் ஒரு பக்கமாக உள்ளனவா என்று பார்த்து, உங்கள் குறிப்பேட்டில் படமாக வரைந்துகொள்ளுங்கள். மரம் நிற்கும் ஊரையும் நாளையும் அதன் கீழே எழுதுங்கள். பிறைபோல் இருக்கக் கண்டால், அந்தக் கீற்றை வேறெங்கும் எடுத்துச் செல்லாமல், வேளாண்மை அலுவலரை மரத்தடிக்கே அழைத்துவந்து காட்டுங்கள்.